கயிற்றுக்காரி

என் நாத்தனாரைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கயிற்றுக்காரி என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு போவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஆயிரம் இருந்தாலும் எங்கள் வீட்டுப் பெண். கேலி செய்வதென்றால் நான் செய்துகொள்கிறேன், ஊரார் எதற்கு?

நாங்கள் இருவரும் கார் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறோம். கார் லைனில் மெதுவாக நகர்ந்து வரும். அது நம்மைத் தாண்டிப் போவதற்குள் அவரவர் வேலையை முடித்தாக வேண்டும். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். கோளாறு என்று பட்டால் இழுக்கலாம். இழுத்தால் லைன் நின்றுவிடும், இழுத்த இடத்தைக் காட்டும் பலகையில் சிவப்பு விளக்கு எரியும், கூடவே ஒரு மெட்டு ஒலிக்கும். ஓர் இடத்துக்கு ஒரு மெட்டு. பலகையைப் பார்க்காமலே யார் இழுத்தது என்று தெரிந்துவிடும். அவளுடையது தொட்டில் பொம்மை பாடுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு கேன்டீன்காரர்கூடத் தட்டுக் கழுவும்போது முணுமுணுப்பார். என் கயிற்றின் மெட்டு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அவள் வேலை சீட் பெல்ட். பெல்ட்டின் அடிமுனையைக் காரின் தரையில் வைத்து போல்ட் போட்டு, ஸ்பானர் 'டிக்' என்று சொல்லும்வரை இறுக்க வேண்டும். பிறகு போல்ட் தலையிலிருந்து தரைத்தகடு வரை மஞ்சள் பேனாவால் ஒரு கோடு. இறுக்கியாயிற்று என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. அவளுக்கு அடுத்தாற்போல் இருப்பவர்கள் அந்த போல்ட்டை மறைத்து சீட்டைப் பொருத்திவிடுவார்கள். இன்னும் சில இடம் தள்ளி நான் நிற்கிறேன். பின்கதவுப் பூட்டு என் பொறுப்பு.

அவளுக்கு ஏன் இந்தக் கயிற்றுப் பித்து என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தில் ஏதாவது விபத்தா என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. பிறவிக் குணம். அடுப்பை அணைத்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு வந்த ஒரு நல்ல மனிதரை, காரிலிருந்து இறங்கும்போது பெல்ட்டைக் கழற்றவில்லை, அப்படியென்றால் போடவே இல்லை என்று சொல்லி டீயோடு அனுப்பிவைத்தாள். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், டெலிவரி வேன் ஓட்டுகிறார். போலீஸ் நிற்கிற முனை வந்தால்தான் பெல்ட்டைத் தேடுவார். ஒருநாள் சாப்பிடும்போது அவரைக் கேட்டாளே ஒரு கேள்வி:

"ஏண்ணே, வண்டி மோதினா அந்தப் போலீஸ்காரர் வந்து நடுவுல நிப்பாரா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொள்வதில் மும்முரமானார். விளம்பரங்களைக் கண்டாலும் அவளுக்கு ஆகாது. ஏர்பேக் எத்தனை என்று எண்ணிக் காட்டுகிறார்கள், அது விரியும்போது ஆளை இடத்தில் பிடித்து வைப்பது என் போல்ட், அதை எவன் காட்டினான் என்பாள். கார் வாங்குகிறவர்கள் கலரைப் பார்க்கிறார்கள், பாட்டுப்பெட்டியைப் பார்க்கிறார்கள், ஒருத்தராவது சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்களா என்பாள். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "குனிஞ்சா இடுப்புப் பிடிச்சுக்கும், விடு" என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் புது மாடல் வரப்போகும் செய்தியோடு அந்த அறிவிப்பும் வந்தது. எந்த அணி ஒரு மாதம் முழுக்கக் கயிறே இழுக்காமல் ஓட்டுகிறதோ, அந்த அணிக்குப் புது மாடலின் முதல் காரில் சவாரி. தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் சோதனைப் பாதையில், குடும்பத்தோடு.

கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை காலம் கார் செய்கிறோம், ஒன்றிலாவது உட்கார்ந்து போயிருக்கிறோமா? வருவது பஸ், போவது பஸ். வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். அவள் கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். அடுத்த நாளே பள்ளிக்கூடம் முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். எங்கே உட்கார்வது என்பதுகூட முடிவாகிவிட்டது: பின்சீட்டு, ஜன்னல் பக்கம். அவள் அப்பா ஆசையாக முன்சீட்டைக் கேட்டதற்கு, அது அத்தைக்கு என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

எல்லோருக்கும் ஒரே கவலை, கயிற்றுக்காரி. எங்கள் அணியில் சீட் பொருத்துகிற நெட்டையன், அவள் கயிற்றை எட்டாத உயரத்தில் சுருட்டி முடிச்சுப் போட்டுவிட்டான். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். வீட்டில் நானும் என் பங்குக்கு, இந்த ஒரு மாதம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இரு தாயே என்று கெஞ்சினேன். கோளாறு இல்லையென்றால் நான் ஏன் இழுக்கப் போகிறேன் என்றாள்.

நம்ப மாட்டீர்கள், அவள் இழுக்கவில்லை. வேலையை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஓடி ஓடிச் செய்தாள். சந்தேகம் வந்தால் காரோடு கூடவே நடந்து, சீட் ஏறுவதற்குள் இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வருவாள். பலகை நாளெல்லாம் பச்சையாகவே இருந்தது. மற்ற அணிக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசி ஷிப்டும் வந்தது. அன்று எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நெட்டையன் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையைச் சுழற்றி வாயால் ஹாரன் அடித்தான். கயிற்றுக்காரியும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இறுக்கிவிட்டுத்தான் கோடு போட வேண்டும். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் பேனா என்று நிற்கும்போது, எப்போதாவது பேனா முந்திக்கொள்ளும். எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும் இந்தப் பிசகு. அவள் கோட்டைப் போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறாள். அதற்கப்புறம் இறுக்கினாளா? ஞாபகமில்லை. கோடோ, இறுக்கியாயிற்று என்று சத்தியம் செய்துகொண்டு நிற்கிறது. எட்டிப் பார்க்கலாமென்றால் அதற்குள் சீட் ஏறிவிட்டது.

காரோடு கூடவே ஓடி என் இடம்வரைக்கும் வந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. விஷயத்தைச் சொன்னாள். என் கண்முன் நின்றது பெல்ட் இல்லை, கட்டில்மேல் குதித்த என் மகள்.

"இறுக்கியிருப்ப. உன் கை இறுக்காம விடாது."

"இருக்கலாம் அண்ணி. ஆனா எனக்குத் தெரியலையே."

திரும்பி ஓடினாள். கயிறுதான் உயரத்தில் இருக்கிறதே! போல்ட் வருகிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்தாள், அதன்மேல் ஏறினாள், எம்பி அந்த முடிச்சையே பிடித்து இழுத்தாள். தொட்டில் பொம்மை பாட ஆரம்பித்தது.

லைன் நின்றது. நெட்டையன் போட்ட சீட்டை அவனே கழற்ற வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் குனிந்து ஸ்பானரை வைத்தார். வைத்தவுடனே 'டிக்' என்றது. போல்ட் முன்பே இறுகித்தான் இருந்தது.

நெட்டையன் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தான். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன்? வீணாப் போச்சே என்று யாரோ முனகினார்கள். அவள் பெட்டியிலிருந்து இறங்கி, கலங்காமல் சொன்னாள்:

"இப்பத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது."

லைன் மறுபடி கிளம்பியது. கொஞ்ச தூரம்கூட நகர்ந்திருக்காது, இன்னொரு மெட்டு. பிரேக் குழாய்க்காரர். ஒரு குழாய் எங்கேயோ உரசுகிற மாதிரி இருந்ததாம், காலையிலிருந்தே மனசு கேட்கவில்லையாம். அதைச் சரிசெய்து முடித்தால் கண்ணாடி ஒட்டுகிறவர் இழுத்தார். அதற்கப்புறம் விளக்கு மாட்டுகிறவர். பச்சையாய்க் கிடந்த பலகை மாறி மாறிச் சிவந்தது. சூப்பர்வைசர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கும் அங்குமாய் ஓடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆளாளுக்கு ஒரு சந்தேகத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு சவாரிக்காகக் காத்திருந்திருக்கிறோம். சவாரிதான் போய்விட்டதே, இனி எதற்கு அடக்க வேண்டும்?

எனக்கும் ஒன்று இருந்தது. சற்றுமுன் போன வெள்ளைக் கார். பின்கதவைச் சாத்தினால் 'டப்' என்று கேட்க வேண்டும். அது 'தொப்' என்றது. மறுபடி சாத்தினேன், மறுபடியும் 'தொப்'. ரப்பர் புதுசு, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கார் இன்னும் லைனைவிட்டு இறங்கவில்லை. வாசல் கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கயிற்றைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

வாழ்த்து அட்டையைத் திறந்தால் கீச்சுக் குரலில் ஒரு பாட்டு வருமே, அதுதான் என் மெட்டு. அத்தனை பேரும் இது யாருடையது என்று முழித்தார்கள். கயிற்றுக்காரி மட்டும் நேராக என்னைப் பார்த்தாள்.

நான் வெள்ளைக் காரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். சூப்பர்வைசர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். உள்ளேயிருந்து முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். பூட்டியிருந்த கதவு திறந்துகொண்டது. பூட்டு ஒரே ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்த கதவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தது பின்சீட்டு, ஜன்னல் பக்கம். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கயிற்றுக்காரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. இப்பேர்ப்பட்ட வாய்ப்பை எந்த நாத்தனார் விடுவாள்? இவள் விட்டாள்.

"உங்க மெட்டு நல்லா இருக்கு அண்ணி" என்றாள்.

பஸ்ஸில் வீடு போகும் வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாதி வழிக்குமேல் நானும் சேர்ந்துகொண்டேன்.