வழியெல்லாம் நம்ம ஆட்கள்

அமெரிக்காவில் பிளசன்டன் ஊர்த் தமிழர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், டிக்கெட் எடுத்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் "அங்க நம்ம ஆட்கள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். அலாஸ்காவுக்குப் பனி பார்க்கப் போனவருக்கே அங்கே ஒரு வீட்டில் ரசம் சாதம் கிடைத்திருக்கிறது. நல்ல பழக்கம்தான், சும்மா சொல்லக்கூடாது. அந்த நல்ல பழக்கத்திடம் விசாலாக்ஷி மாட்டிக்கொண்டு விழித்த கதை இது.

விசாலாக்ஷிக்கு ஐம்பது வயது. சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி டீச்சர், மிச்ச நேரமெல்லாம் ஸ்ரீநிவாசனின் மனைவி. அப்பா வீட்டிலிருந்து ஹாஸ்டல், ஹாஸ்டலிலிருந்து கல்யாணம், கல்யாணமான சூட்டோடு கலிஃபோர்னியா. பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் தனியாகப் படுத்துத் தூங்கியதில்லை. ஸ்ரீநிவாசன் ஆபீஸ் வேலையாக வெளியூர் போனால் அடுத்த தெரு ஆன்ட்டி தலையணையோடு வந்துவிடுவார். இதைப் போய்க் குறையாகச் சொன்னால், கொடுத்து வைத்தவள் என்பார்கள். அதனால் அவள் சொல்வதில்லை.

கொரோனா சமயத்தில் ஒரு சைக்கிள் வாங்கினாள். அதில்தான் கொஞ்சம் மூச்சு விட்டாள். அங்கேயும், சான் ரமோன் பக்கம் மரத்தடியில் நின்று தண்ணீர் குடித்தால் ஃபோன் அடிக்கும். "மேப்பில உன் புள்ளி நகரவே இல்லையே, என்ன ஆச்சு?" என்று ஸ்ரீநிவாசன் கேட்பார். பாவம், கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மகள் ரக்ஷா வேலை கிடைத்து டெக்சாஸ் பக்கம் ஆலனுக்குப் போன வருஷம், விசாலாக்ஷி முடிவெடுத்தாள். ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் ஊரில் காலேஜ் தோழி மரகதம் இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ரைன் நதியோரமாகத் தனியாக சைக்கிளில் போவது. ராத்திரி ஏதாவது சின்ன விடுதியில் தங்குவது. ஊர் பார்ப்பதெல்லாம் வெளியே சொல்லிக்கொண்ட காரணம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த விடுதி அறை. யாரும் கதவைத் தட்டாத ஓர் அறை.

ஸ்ரீநிவாசன் உடனே சரி என்றார். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

வார இறுதிக்குள் குழுவில் கேள்வி போட்டு, பதிலும் வாங்கிவிட்டார். முதல் ராத்திரிக்கு ஆஃபன்புர்கில் யாரோ ஒருவரின் தங்கைக்குத் தெரிந்த யாழ்ப்பாணக் குடும்பம். கார்ல்ஸ்ரூஹேயில் செல்வராஜ் அங்கிள். மான்ஹைமில் மதன் என்ற பையன், மனைவியோடு. அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த விடுதிகளை எல்லாம் கேன்சல் பண்ணிவிட்டு, பெருமையாக வந்து சொன்னார். எனக்கு விடுதியில்தான் தங்கணும் என்று அவள் சொன்னதற்கு, நம்ம ஆட்கள் இருக்கும்போது விடுதி எதற்கு, அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்களா என்று கேட்டார். அன்புக்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்!

மரகதத்தின் வீட்டில் சில நாள் சிரிப்பும் பேச்சுமாகப் போனது. கிளம்பும் காலையில் மரகதம் புளியோதரையைக் கட்டிக்கொடுத்து, அவள் ஃபோனை வாங்கி, லைவ் லொக்கேஷனையும் தட்டிவிட்டாள். "ஸ்ரீநி சொல்லிருக்கார்டி, கோச்சுக்காத" என்றாள்.

பாதை நன்றாகத்தான் இருந்தது. திராட்சைத் தோட்டங்கள், ஆளில்லாத வாய்க்கால் கரை. ஆனால் ஹேண்டில்பாரில் ஃபோன் ஓயவில்லை. சாப்பிட்டாச்சா என்று கார்ல்ஸ்ரூஹே கேட்டது, மழை வரும் என்று மான்ஹைம் எச்சரித்தது, பிளசன்டனில் தூங்க வேண்டிய மனிதர் தூங்காமல் கட்டைவிரல் காட்டினார். எல்லையில்லாத ரோட்டில் ஒரு லிஃப்டுக்குள் நிற்பது போலிருந்தது அவளுக்கு. ஒரு கிராமத்தில், ஜன்னலில் செடி வைத்த விடுதி ஒன்று. வாசலில் அறை உண்டு என்று பலகை. கால் தானாக நின்றது. உடனே ஃபோன் அடித்தது. அவள் பெடலை மிதித்தாள்.

ஆஃபன்புர்க் எல்லையில், காரை ஓரங்கட்டிவிட்டு அந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் காத்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ரூபிகா. கணவன் ஷாந்தன் லாரி ஓட்டுகிறவன், அன்று வெளியூரில். மழைக்கு முன்னே சைக்கிளைக் காரில் ஏற்றிவிடலாம், பிட்டும் கறியும் சூடாக இருக்கிறது என்றாள்.

அந்தக் கடைசித் துண்டுப் பாதையும் போய்விட்டது என்று நினைத்ததும் விசாலாக்ஷிக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில், முன்பின் தெரியாத பெண்ணின் முன்னால், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

"ஏனக்கா, நாங்கள் ஏதும் பிழை விட்டனாங்களோ?"

"இல்லம்மா. ஒரே ஒரு ராத்திரி தனியா இருக்கணும்னு வந்தேன். அவ்வளவுதான்."

ரூபிகா சைக்கிளுக்காகத் திறந்து வைத்திருந்த டிக்கியை மூடினாள். பிறகு கையை நீட்டினாள்.

"போனைத் தாங்கோ. அது எங்கட வீட்டில படுக்கட்டும். நீங்கள் போயிட்டு விடிய வாங்கோ."

விசாலாக்ஷி வந்த வழியே திரும்பினாள். நனைந்துகொண்டே போய், செடி வைத்த அந்த விடுதியில் அறை எடுத்தாள். துணியை அலசிக் காயப்போட்டாள். மிச்சமிருந்த புளியோதரையைக் கட்டிலில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். பயமாகத்தான் இருந்தது. கதவைப் பூட்டினோமா என்று போய்ப் போய்ப் பார்த்தாள். பிறகு கட்டிலின் நடுவில், கையையும் காலையும் அகல விரித்துப் படுத்தாள். எவ்வளவு பெரிய கட்டில்! சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில், ரூபிகா சொல்லியிருந்த அடையாளப்படி அவள் வீட்டுக்கு வந்தாள். ரூபிகா வாசலிலேயே ஃபோனோடு நின்றாள். ஸ்ரீநிவாசன் அண்ணன் கூப்பிட்டார், அக்கா நித்திரை என்றேன், குறட்டை விடுகிறாளா என்று கேட்டார், விடுகிறா என்று சொன்ன பிறகுதான் வைத்தார் என்று சொன்னாள். விசாலாக்ஷிக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் பரிதாபமும் வந்தது. அதற்குள் செல்வராஜ் அங்கிளின் மெசேஜ்: மதியம் பாதி வழிக்குக் காரில் வருகிறாராம். அவள் ஃபோனை மறுபடி ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

உள்ளே பிள்ளைகள் காலில் போடும் சப்பாத்தைத் தேடிச் சத்தம் போட்டன. மாமியார் தேத்தண்ணி கேட்டார். ரூபிகா கதவை மெல்லச் சாத்திவிட்டு, சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"அக்கா, அந்த அறை எங்க இருக்கு?"

விசாலாக்ஷி வழி சொன்னாள். ரூபிகா அதை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள்.