மனைவியின் பெயரில் கணவர் சொன்ன பதில்

போன வருடம் ஆடி மாதம், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வீடு வீடாகப் போய்க் கருத்துக்கணிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்கும் சர்வே அது. ஒரு வீட்டில் யாரிடம் கேட்பது என்று நாங்கள் முடிவு செய்யக்கூடாது. பெரியவர்களின் பெயர்களைப் போட்டால், டேப்லெட்டே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்.

ஒரு லைன் வீட்டில் அது மனைவியைத் தேர்ந்தெடுத்தது. அவரோ கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த கணவர், "அவளுக்கு என்னாம்மா தெரியும்? நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான், எழுதிக்கினு போ" என்றார். காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் கதவைச் சாத்திய கடுப்பு எனக்கு. அவர் சொல்லச் சொல்ல, மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டேன். புத்திகெட்ட வேலை!

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். பேட்டி ஒலிப்பதிவாகும் என்பதையே மறந்திருந்தேன்.

"பொம்பள பேரு போட்டிருக்கீங்க, ஆம்பள குரல் கேக்குது. சாயங்காலத்துக்குள்ள அந்தம்மா பதில் வரணும். இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

அவமானத்தில் கூனிக்குறுகிப் போனேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிஃபார்மோடு இறங்கிய அந்தப் பெண்ணை வாசலிலேயே பிடித்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். உள்ளே போய் டேப்லெட்டைத் திறந்ததும், "அதான் நேத்தே சொல்லிட்டனே" என்று கணவர் முந்தினார். "அண்ணா, கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்றேன். நான் நகரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வேலைவாய்ப்பு குறைவாக இருக்கும்போது ஆண்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குக் கணவர் முந்தின நாள் அழுத்தந்திருத்தமாக 'ஆமாம்' சொல்லியிருந்தார். மனைவியோ சிரித்துவிட்டார்.

"அதெப்படிக்கா? இவருக்கு வேல போயி ஆறு மாசமாச்சு. நான் போறதாலதான் இந்த வீட்டுல அடுப்பு எரியுது. இத ஒத்துக்க மாட்டேன். எங்க இருக்குது அந்த பட்டன்? நானே அமுக்கறேன்."

அமுக்கினார்! மீதி அத்தனை கேள்விகளுக்கும் ஒரு தடவைகூடத் 'தெரியாது' என்று அவர் சொல்லவில்லை. தெருவில் இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை தப்பியதைவிட, அவருடைய குரல் பதிவானதுதான் பெருமையாக இருந்தது.

அன்று நான் திரும்பிப் போயிருக்காவிட்டால், குடும்பத்தையே தாங்கும் ஒரு பெண், வேலை முதலில் ஆண்களுக்குத்தான் என்று உலகத்திடம் சொன்னதாகப் பதிவாகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் பகீரென்கிறது.