புரட்டுக்காரி

அக்காவைப் பண்ணையில் எல்லோரும் புரட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பொய்யும் புரட்டும் பேசுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். மல்லாந்து விழுந்த ஆட்டைப் புரட்டி நிறுத்துவது அவள் வேலை, அதற்காக வந்த பெயர். அதை வைத்தவன் கம்பளி கத்தரிக்க வரும் ஆள், வாய்த்துடுக்கு பிடித்தவன். முதல் நாள் அக்கா அவனை முறைத்தாள். மறுநாள், "ஆமாடா, நான் புரட்டுறதாலதான் உங்க வீட்டுல அடுப்பு எரியுது" என்றாள். அதற்குப் பிறகு யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் இதே பதில்தான். பத்தொன்பது வருஷமாக இதே பதில்.

செம்மறி ஆடு மல்லாந்தால் தானாக எழ முடியாது. வெளியே இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் குட்டி போடும் மாதத்தில் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். வயிற்றில் இரண்டு குட்டி, முதுகில் மழையில் ஊறிய கம்பளி, அதற்குள் அரிப்பு. சொறிந்துகொள்ளப் பள்ளமான இடமாகப் பார்த்துப் புரளும். புரண்டால் போயிற்று, நாலு காலும் வானத்தைப் பார்த்து நிற்கும். வயிற்றில் காற்று ஏறி ஏறி மூச்சை அடைக்கும். சில மணி நேரம்தான் தாங்கும். அதற்கு முன்பே காக்கை வந்துவிடும். முதலில் கண்ணைத்தான் கொத்தும்.

காலை, மதியம், சாயங்காலம் என்று அக்கா மூன்று நடை நடப்பாள். மேட்டு வயலில் ஆரம்பித்து ஓடை வரை. முழங்கால் வரை பூட்ஸ், மேலே ஆம்பளை மழைக்கோட்டு. வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வராத புருஷனுடையது அது. "விட்டுட்டுப் போனதுல உருப்படி இது ஒண்ணுதான்" என்பாள். ஊழியர் வரிசையில் கடைசி அறை அவளுடையது. தகரக் கூரை. கட்டிலில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே மேட்டு வயல் தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் தாயில்லாத குட்டி ஒன்று எப்போதும் கத்திக்கொண்டிருக்கும்.

ஆட்டைப் புரட்டுவது பெரிய வித்தையில்லை. தோள்பக்கக் கம்பளியில் ஒரு கை, இடுப்புப்பக்கம் ஒரு கை, ஒரே இழுப்பு. கஷ்டம் அதற்குப் பிறகுதான். எழுந்த ஆட்டுக்குக் கால் மரத்திருக்கும், தலை சுற்றும். விட்டால் நாலடி தள்ளாடி மறுபடி விழும். அதனால் அக்கா அதைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே அடைத்த காற்று ஏப்பமாக வெளியே வர வேண்டும். பிறகு மூத்திரம் பெய்ய வேண்டும். இரண்டும் முடிகிற வரை விட மாட்டாள். "மூதேவி, புரளுறதுக்கு வேற எடம் கிடைக்கலியா, பெய்யுடி சீக்கிரம்" என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நிற்பாள். பூட்ஸுக்குள் ஆட்டு மூத்திரத்தோடுதான் பாதி நாள் நடந்தாள்.

எனக்கு அந்தப் பண்ணையில் டிராக்டர் ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். முதலாளி முன்னால் போய் நின்று, "என் தம்பி, பொய் சொல்ல மாட்டான்" என்று சொல்லித்தான் வாங்கினாள்.

போன வருஷம் முதலாளிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பண்ணையைக் கவனிக்க அவருடைய மருமகன் வந்தார். மாப்பிள்ளை சார். வந்த ஒரே மாதத்தில் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினார். டிராக்டருக்கு இரண்டு டிரைவர் எதற்கு, ஒருவர் போதுமே என்று அதே வாரத்தில் பேச்சு வந்தது. இருந்த இரண்டு பேரில் நான் ஒருவன். மனைவி, இரண்டு பிள்ளைகள், அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற தகரம், எல்லாம் அந்த ஒரு சாவியில் தொங்கின.

அக்காவின் மதிய நடையை அட்டவணையில் அடித்துவிட்டார். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, போதும்மா. நடுவுல கொட்டகையில இருங்க, அங்கதான் ஆள் பத்தல."

"ஆடு உங்க அட்டவணையைப் பார்த்துட்டா சார் விழும்?" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை சாரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. அக்காவுக்கு நாக்கு நீளம். அதை அவர் மறக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

நாலாவது நாள். பதினொரு மணி இருக்கும். மேட்டு வயலுக்கு அடுத்த வயலில், வேலியோரமாக டிராக்டரை நிறுத்திவிட்டுத் தீவனத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சாரின் ஜீப் மேட்டு வயலுக்குள் வந்தது. பள்ளத்தில் ஒரு சினை ஆடு மல்லாந்து கிடந்தது. நான் அதுவரை பார்க்கவில்லை, அவர் பார்த்துவிட்டார். இறங்கிப் போய்ப் பின்னங்காலைப் பிடித்து இழுத்தார், நகரவில்லை. விலாக் கம்பளியைப் பிடித்து இழுத்தார். கம்பளி கையோடு பிய்ந்து வந்தது. மூன்றாவது இழுப்பில் ஆடு புரண்டு எழுந்தது. கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் உயர்த்திக் காட்டினேன்.

"கொட்டகைக்கு வைக்கோல் வேணும், சீக்கிரம் கொண்டு வா!" என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆடு காலை அகட்டிக்கொண்டு ஆடி ஆடி நின்றது. ஏப்பம் வரவில்லை. போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். அக்கா செய்ததை நூறு தடவை பார்த்தவன் நான். மதியம் அக்கா வருவாள், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்து டிராக்டரை எடுத்தேன். மதிய நடை நின்று நாலு நாள் ஆகியிருந்தது. தெரிந்தும் அப்படி நினைத்துக்கொண்டேன்.

சாயங்கால நடையில் அக்கா அதைக் கண்டாள். அவள் போட்ட சத்தம் கொட்டகை வரை கேட்டது. நாங்கள் ஓடினோம். அதே பள்ளத்திலிருந்து நாலடி தள்ளி மல்லாந்து செத்துக் கிடந்தது. ஒரு கண் இல்லை. அக்கா அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு குட்டிடா, ரெண்டும் உள்ளயே போயிருச்சு" என்றாள். ஆடு செத்து அக்கா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளி ஊன்றுகோலோடு ஜீப்பில் வந்தார். மாப்பிள்ளை சார் முந்திக்கொண்டார்.

"காலையில இந்தப் பக்கமே இவங்க வரல மாமா. வந்தேன்னு பொய் சொல்றாங்க. அப்பவே விழுந்து கிடந்திருக்கு."

"காலையில இது நின்னு மேய்ஞ்சுது சார்" என்றாள் அக்கா. "அப்புறம் விழுந்திருக்கு. யாரோ புரட்டியிருக்காங்க. விலாவுல பாருங்க, கம்பளி பிய்ஞ்சிருக்கு. தெரியாதவங்க கை. புரட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க."

"யாரு வந்து புரட்டினா? காக்காவா?" மாப்பிள்ளை சார் சிரித்தார். "சும்மாவா இவங்களுக்குப் புரட்டுக்காரின்னு பேரு வச்சாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீ பக்கத்து வயல்லதானே இருந்தே. யாராவது இந்தப் பக்கம் வந்தாங்களா?"

மாப்பிள்ளை சார் என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"கவனிக்கல சார்" என்றேன்.

"வேலை தெரியாதவனைக்கூட வச்சுக்குவேன், பொய் சொல்றவங்களை வச்சுக்க மாட்டேன்" என்றார் முதலாளி. ஒரு வாரத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு வாரம்.

அவள் கிளம்பும் நாளில் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று போனேன். மனைவி போக வேண்டாம் என்றாள், அவளுக்கு என்னைவிட வெட்கம் அதிகம். அறையில் கட்டிலும் ஜன்னலும் மட்டும் மிச்சம் இருந்தன. நான் பெட்டியின் பிடியைப் பிடித்துத் தூக்கினேன்.

"கீழ வை."

"அக்கா, பிள்ளைங்க ரெண்டு பேரு..."

"பிள்ளைங்கள இழுக்காத. கேட்டது உன்னை." மழைக்கோட்டை மடித்துப் பெட்டிக்கு மேலே வைத்தாள். "நேத்து போய் எண்ணிப் பார்த்தேன். உன் டிராக்டர் தடத்துல இருந்து அந்தப் பள்ளத்துக்குப் பன்னெண்டு எட்டு. எனக்காகப் பேசலைன்னு நான் கேக்கலடா. உனக்கும் பயம் இருக்கும். அது தள்ளாடிக்கிட்டு நின்னுச்சே, அதைப் பார்த்துட்டுத்தானே வண்டியை எடுத்தே? அப்ப உன்னை யாரு மிரட்டினா?"

பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போனாள். இப்போது ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள் என்று கேள்வி. இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வேலையாக இருக்கிறாள் என்று உள்ளேயிருந்து வேறொருத்தி வந்து சொன்னாள்.

அக்கா போன பத்து நாளில் ஏழு ஆடு செத்தன. மாப்பிள்ளை சார் தானே மதிய நடையை அட்டவணையில் மறுபடி எழுதினார், அக்காவின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை. டிராக்டருக்கு ஒரு டிரைவர் போதும் என்று ஆனபோது மற்றவன் போனான், நான் இருந்தேன். அதற்குக் காரணம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருஷமும் குட்டி போடும் மாதம் வந்துவிட்டது. நேற்று மேட்டு வயலில் ஒன்றைப் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நின்றேன். ஏப்பம் விட்டது, மூத்திரம் வரவில்லை, காத்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கம்பளி கத்தரிக்கிறவன் போனான். "என்ன புரட்டுக்காரா!" என்று கத்தினான். அவனுக்கு எல்லாம் தெரியும், இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குச் சொல்ல அக்காவிடம் ஒரு பதில் இருந்தது. நான் "ம்" என்றேன்.