எங்க ஊர்க் கார்டு இங்கே செல்லாது அக்கா

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில், நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒடிசாத் தம்பதி குடியிருந்தார்கள். மனைவி சபிதா நிறைமாதக் கர்ப்பிணி. ஒருநாள் மதியம் முகமும் காலும் வீங்கி, தலைவலி தாங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்க் கார்டு இங்கே செல்லாது அக்கா. பார்க்க மாட்டாங்கன்னு எங்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி சொன்னார்" என்றாள்.

நான் ஆட்டோ பிடித்து வருவதற்குள் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் யாரும் காப்பீட்டுக் கார்டு கேட்கவில்லை. உடனே உள்ளே கொண்டுபோனார்கள். சபிதா பிழைத்தாள். வயிற்றிலிருந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை.

"பிரஷர் கூடித்தான் வலிப்பு வந்திருக்கு. ஒரு தடவை பிரஷர் பார்க்கவாவது வந்திருக்கலாம்லா? எந்த ஊர்க்காரவியன்னாலும் இங்கன பார்ப்போமே" என்றார் நர்ஸ்.

ஆலையிலிருந்து ஓடிவந்த கணவன், துணியில் சுற்றிய குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "முன்னாடியே வந்தா பாப்பா இருக்குமா அக்கா?" என்று என்னிடம் கேட்டான்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு வெளிமாநிலக் குடும்பம் எது வந்தாலும், சாமான் இறக்கிய கையோடு சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். "எங்களுக்கு ஒண்ணும் சீக்கு இல்லையே" என்கிறார்கள். "இல்லாதப்பவே இடத்தைப் பார்த்து வச்சுக்கிடுங்க" என்கிறேன்.