வரப்பில் நின்ற பூதம்

ஜான்சியை யாராவது திட்டினால் திருப்பித் திட்ட மாட்டாள். தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அதைப் பார்த்துவிட்டு, பொண்ணு சாது, வாயில்லாப் பூச்சி என்று நினைத்தவர்கள் மரக்காணத்தில் நிறைய பேர். அடப் பாவிகளா! அவள் ஒன்றையும் மறக்கிற ஜாதி இல்லை. அது தெரியாமல் மாட்டிக்கொண்டவன்தான் மாயவன் மேஸ்திரி.

கதைக்கு முன்னால் அவள் கையில் இருந்த பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய முதலியார்சாவடியில் கடலோரம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவள் ரெண்டு வருஷம் அறை கூட்டி, பெட்ஷீட் துவைத்து வேலை பார்த்தாள். அங்கே தங்கியிருந்த ஸ்டெஃபான் என்ற ஜெர்மன்காரன் சாயங்காலமானால் மேசையைச் சுற்றி ஆள் சேர்த்து ஒரு விளையாட்டு விளையாடுவான். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் புகுந்து சண்டை போட வேண்டும். எதிரில் வரும் பூதம், பிசாசு எல்லாவற்றுக்கும் கதை சொல்கிறவரே கையும் வாயும். அடி விழுந்ததா தவறியதா என்பதை இருபது முகமுள்ள ஒரு கட்டையை உருட்டித் தீர்ப்பார்கள். ஒருநாள் ஆள் குறைகிறது என்று ஜான்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது அவன் கட்டைகளைத் துணிப்பையோடு அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

ரெண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் உள்ளே வந்ததில் கெஸ்ட் ஹவுஸ் போயிற்று. பை மரக்காணத்து வீட்டுப் பரண்மேல் இருந்ததால் பிழைத்தது. ஜான்சி பழையபடி அண்ணன் அந்தோணிராஜோடு உப்பு வாரப் போனாள்.

அடுத்து வந்த கோடையில்தான் அது நடந்தது. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வருகிறாள். எதிரில் அப்பாவு, வயசான மனுஷர், அவர் தலையிலும் கூடை. உப்பள வரப்பில் ஒரு ஆள்தான் நடக்க முடியும். பெரியவர் தடுமாறுகிறாரே என்று ஜான்சி ஒதுங்கி, பக்கத்துப் பாத்தியில் ஒரு கால் வைத்துவிட்டாள். உப்பு பூத்திருக்கிற பாத்தியில் கால் வைக்கக் கூடாது. மிதித்தால் அடிச்சேறு கலங்கி உப்பு கறுத்துவிடும். உப்பளத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது, அவளுக்கும் தெரியும். ஆனால் எதிரில் ஒரு மனுஷர் விழப் போகிறாரே!

தலையில் துண்டுக்கட்டும் கக்கத்தில் கம்புமாக நின்ற மாயவன் விசில் ஊதினான். "ஏய், பாத்தியில கால் வைக்காதே! கெஸ்ட் ஹவுஸ் மேடம், இது இன்னா உங்க ஊரு ஸ்விம்மிங் பூலா?" என்று கத்தினான். அதோடு விட்டிருந்தால் போகட்டும். "கூடைய எறக்காத. அங்கியே நில்லு. மத்தியான சங்கு ஊதற வரைக்கும் நில்லு" என்றான். வெயிலில், தலையில் பாரத்தோடு, வருகிறவர் போகிறவர் எல்லாம் உரசிக்கொண்டு நடக்க, ஜான்சி நின்றாள். கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் வடிந்து கண்ணில் இறங்கியது. ஒருத்தரும் அவளுக்காகப் பரிந்து பேசவில்லை. கூடப் பிறந்தவன், அந்தோணிராஜ், குனிந்த தலை நிமிராமல் உப்பு வாரிக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை சாதாரண மழையா! உப்பளம் முழுக்க ஒரே ஏரியாகிவிட்டது. வேலை இல்லை, வெளியே போக வழியில்லை. ஜான்சி பரணிலிருந்து பையை இறக்கினாள். அண்ணனும் பக்கத்து வீட்டுப் பொன்னியும் பாய் விரித்து விளையாட உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆளாக அந்தோணிராஜ் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்கிறீர்கள்? மாயவனை! ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதமாம்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள் ஜான்சி. டீயும் போட்டுக் கொடுத்தாள்.

மாயவன் தன் வீரனுக்கு வேங்கையன் என்று பெயர் வைத்தான். கட்டை அவனுக்கு நன்றாக விழுந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜான்சி பத்து நாள் யோசித்து, கழுவெளி ஏரிக்குள்ளிருந்து எழும்பி வருகிற ஒரு பூதத்தை உண்டாக்கி, அதற்கு ஊளையும் உறுமலும் வைத்து எதிரில் நிறுத்தினாள். அந்தோணிராஜ் ஓர் அடி, பொன்னி ஓர் அடி, வேங்கையன் ஓர் அடி. பூதம் கை ஓங்கவே இல்லை, செத்துப்போயிற்று.

"இதுக்கா இம்மாம் பில்டப்பு?" என்று மாயவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். மறுநாள் டீக்கடையில் பூதம் உறுமுவது போலவும் பொத்தென்று விழுவது போலவும் நடித்துக் காட்டினானாம். அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "த பாரு ஜான்சி. அடுத்த பூதமும் இப்படி செத்துச்சுன்னா இந்தப் பைய எங்கிட்ட குடுத்துடு. கதைய நான் சொல்றேன். நீ டீ போடு, அது உனுக்கு நல்லா வருது."

அந்தோணிராஜ் சிரித்தான். ஜான்சியும் தலையை ஆட்டினாள். கூட்டுவதும் துவைப்பதும் வாருவதும் சுமப்பதுமாகப் போகிற வாழ்க்கையில் அவள் சொல்லி நாலு பேர் கேட்கிற இடம் அந்தப் பாய் ஒன்றுதான். அதையும் இவனிடம் கொடுப்பதா? செத்தாலும் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தாள்.

பூதத்துக்கு முதலில் உயிரை இரட்டிப்பாக்கினாள். உயிருக்குப் பதில் புளியங்கொட்டைகளை அடுக்கி, மூன்று வீரர்களுக்கும் தானே கட்டை உருட்டிப் பார்த்தாள். சாவது நிற்கவில்லை, சாக நேரம்தான் ஆயிற்று. சேற்றில் படுத்த எருமையை மூன்று பேர் நின்று அடிப்பது போல இருந்தது. சரி, பூதத்தின் அடியைப் பலமாக்குவோம் என்று பார்த்தாள். முதல் அடியிலேயே பொன்னி காலி. பொன்னி என்ன பாவம் செய்தாள்? எங்கே சுற்றினாலும் கணக்கு ஒன்றுதான். அவர்கள் மூன்று பேர் மூன்று அடி அடிக்கிறார்கள், பூதத்துக்குக் கிடைப்பது ஒரே முறை. ஒற்றை ஆள் எப்படித்தான் கூட்டத்தை ஜெயிப்பது?

சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. ஜெயிக்கிறானே ஒருத்தன்! மாயவன் உடம்பைப் பார்த்தால் காற்றடித்தால் விழுகிற உடம்பு. நாற்பது பேரை எப்படி அடக்கி வைத்திருக்கிறான்? அவன் தன் முறைக்குக் காத்திருக்கிறதில்லை. ஒவ்வொருத்தர் கூடை தூக்கினதும் ஒரு விசில், ஒரு சொல். நாற்பது பேருக்கு நாற்பது தடவை. அப்புறம், அவன் நிற்கிற இடம் வரப்பு. எத்தனை பேர் இருந்தாலும் அவன்முன் ஒவ்வொருத்தராகத்தான் வந்தாக வேண்டும்.

அன்றைக்கே புதுப் பூதம் பிறந்தது. தலையில் துண்டுக்கட்டு, கக்கத்தில் கம்பு, வாயில் சங்கு. ஒவ்வொரு வீரன் முறை முடிந்ததும் அது ஒரு தடவை அடிக்கும். பாதி உயிர் போனால் துண்டை உதறிவிட்டு, இன்னும் வேகமாக அடிக்கும். நிற்பது, உப்பு பூத்த பாத்திகளுக்கு நடுவே ஒரு வரப்பில்.

ஆனால் சாவதற்கு வழியே இல்லாத பூதத்தை உண்டாக்குவது பித்தலாட்டம் என்று ஸ்டெஃபான் சொல்லிக்கொடுத்திருந்தான். ஜான்சிக்கும் ஏமாற்றி ஜெயிக்க இஷ்டமில்லை. அதனால் வழி வைத்தாள். பாத்தியில் கணுக்கால் தண்ணீர்தான், இறங்கினால் ஒன்றும் ஆகாது. மூன்று பேரும் இறங்கிச் சுற்றி வளைத்தால் பூதம் பழையபடி சட்டென்று செத்துவிடும். பாத்தியில் இறங்கலாமா என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்தாள். கேட்டுவிட்டால் பை போனதுதான். கேட்பார்களா?

மழை கொட்டுகிற ஒரு மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. அந்தோணிராஜ்தான் முன்னால் போனான். வரப்பில் ஆள் ஒருத்தர்தான் என்பதால் மற்ற இருவருக்கும் பின்னால் நின்று கத்தவும் கல் எறியவும்தான் முடிந்தது. அவன் ஓர் அடி அடிக்க, பூதம் ஓர் அடி. பொன்னி கல் எறிந்தாள், பூதம் ஓர் அடி. மாயவன் முறை முடிந்தது, இன்னோர் அடி.

"இன்னாடி இது, சும்மா சும்மா அடிக்குது?" என்றாள் பொன்னி.

"அதும் கொணம் அப்படி" என்றாள் ஜான்சி.

அந்தோணிராஜ் சாய்ந்தான். பொன்னி முன்னால் வந்தாள். அவளுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இரு இரு. நான் பாத்தியில எறங்கி பின்னால போறேன்" என்றாள்.

பை போச்சு, எல்லாம் போச்சு. முடிவு செய்தபடி சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஜான்சி வாயைத் திறந்தாள்.

"ஏய், பாத்தியில கால் வைக்காதே!" மாயவன் பாயிலிருந்து பாதி எழுந்தே விட்டான். "உப்பு பூத்திருக்குதுன்னு அவ சொல்றா இல்ல? அறிவு இருக்குதா உனுக்கு?"

பொன்னி பாயில் நீட்டியிருந்த காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "சரி சரி, எறங்கல" என்றாள். அடுத்த அடியில் அவளும் விழுந்தாள்.

மிச்சம் வேங்கையன். பூதம் துண்டை உதறியது. மாயவனுக்கு வியர்த்தது. உருட்டின கட்டையெல்லாம் தப்பின. வேங்கையன் உயிரில் ஒரே ஒரு புளியங்கொட்டை மிச்சமிருந்தபோது, பூதம் அடித்த அடியில் அவன் கையிலிருந்த கத்தி தெறித்தது. மாயவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, சாவடி" என்றான்.

"சாவடிக்கல" என்றாள் ஜான்சி. அவள் குரல் தணிந்திருந்தது. "பூதம் ஒரு கூடை உப்ப எடுத்து வேங்கையன் தலையில வைக்குது. எறக்காத, அங்கியே நில்லுன்னு சொல்லுது. மத்தியான சங்கு ஊதற வரைக்கும் நில்லுன்னு சொல்லுது."

மாயவன் அவளைப் பார்த்தான். பூதத்தின் துண்டும் கம்பும் இப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது. அந்தோணிராஜ் தலையைக் குனிந்துகொண்டான், உப்பளத்தில் குனிந்த அதே மாதிரி.

"இது போங்கு" என்றான் மாயவன். "இத எவனாலயும் கொல்ல முடியாது."

"முடியும்ண்ணே. பாத்தியில எறங்கி மூணு பேரும் வளைச்சிருந்தா ரெண்டே சுத்துல செத்திருக்கும். தண்ணி கணுக்கால்தான். பொன்னி எறங்கப் போனா. நீங்கதான் கால் வைக்காதேன்னிட்டீங்க."

முதலில் பொன்னிதான் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள். ஜான்சி சிரிக்கவில்லை. கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டு, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சைப் போடும்போது அவளுக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

இனி வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுவாரம் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, பாய் ஓரமாக உட்கார்ந்தான். பொன்னிக்கும் அந்தோணிராஜுக்கும் புது வீரர்கள் பிறந்தார்கள், கதை வேறு ஊருக்கு நகர்ந்தது. தன் முறை வரும் வரும் என்று மாயவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் தொண்டையைச் செருமினான்.

"ஏம்மா, வேங்கையன் இன்னும் நிக்கிறானா?"

"நிக்கிறான்ண்ணே" என்றாள் ஜான்சி. "சங்கு இன்னும் ஊதல."