ஒட்டடையும் சிவப்புப் பொத்தானும்

என் தங்கை புருஷனை அவன் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஒட்டடை என்றால்தான் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்குகிறவன் தலையில் ஒட்டடை இல்லாமல் என்ன பூவா இருக்கும்? பெண் பார்க்க வந்த அன்றும் காதோரம் ஒரு நூல் தொங்கியது. என் தங்கை அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கல்யாணம் முடிவாகிவிட்டது. இன்றுவரை சாயங்காலம் அவன் வாசலில் தலையைக் குனிந்து நிற்பான், அவள் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

நாங்கள் இருவரும் ஜோடியாக வேலைக்குப் போகிறவர்கள். மொட்டை மாடிக்கு மேலே உள்ள மோட்டார் அறையில் நான். கீழே குழிக்குள், லிஃப்டின் கூரைமேல் நின்று கொண்டு அவன். கூரைமேல் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. காலை வைத்ததும் அதை அமுக்கிவிட்டால், எந்த மாடியில் யார் கூப்பிட்டாலும் லிஃப்ட் நகராது. நான் மேலேயிருந்து "சிவப்பு?" என்று கேட்பேன். அமுக்கிவிட்டு அவன் "சிவப்பு" என்பான். அதற்குப் பிறகுதான் வேலை.

ஒரு கல்லூரிக் கட்டடத்தில் இருந்தோம். நான் கேட்டேன், அவன் "சிவப்பு" என்றான். வருஷக்கணக்கில் சொன்ன வாய், கை அமுக்குவதற்கு முன்னால் தானாகச் சொல்லிவிட்டது. மேல் மாடியில் யாரோ லிஃப்டைக் கூப்பிட்டார்கள். கூரையோடு அவனும் மேலே வந்தான். நிற்க வேண்டிய மாடியில் லிஃப்ட் நிற்கவில்லை. கடைசியாக ஒரு தடுப்பு சுவிட்ச் இருக்கிறது, அதுதான் மின்சாரத்தை வெட்டியது. குழியின் உச்சிக்கும் அவன் தலைக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம். நான் போய்க் கதவைத் திறந்தபோது அவன் குந்தியபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தடுப்பு சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கருகிப் போயிருந்தது. தட்டினால் ஒரு தடவை வெட்டும், ஒரு தடவை வெட்டாது. புதுசு மாட்டினேன். பழசை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தண்ணீர் கொடுத்தது அந்த மாடியில் இயற்பியல் நடத்தும் டீச்சரம்மா. அவருடைய ஆய்வகத்தில் ஒரு பெட்டி விட்டு விட்டு 'டிக்' என்றது. அணுவிலிருந்து துகள் ஒன்று தெறிக்கும்போது வருகிற சத்தமாம்.

"அடுத்தது எப்ப வரும்?" என்றான் ஒட்டடை.

"யாராலயும் சொல்ல முடியாது. பார்க்கறவரைக்கும் அது தெறிச்சும் இருக்கு, தெறிக்காமலும் இருக்கு, ரெண்டும் சேர்ந்தேதான்னு கணக்கு சொல்லுது. பார்த்தா ஒண்ணுதான் தெரியுது."

"மத்தது எங்க போகுது?"

"அழிஞ்சிடுதுன்னு சில பேர் சொல்றாங்க. வேற சில பேர், எதுவும் அழியல, பார்க்கறவங்களே ரெண்டாயிடறாங்கன்னு சொல்றாங்க. சத்தம் கேட்ட நான் ஒரு உலகத்துல, கேட்காத நான் இன்னொரு உலகத்துல. ரெண்டும் நிஜம். போக வர வழி கிடையாது."

"அப்ப எந்தச் செருப்பை முதல்ல போடறதுன்னு நான் யோசிச்சாக்கூட உலகம் ரெண்டாகுமா?"

"உங்க இஷ்டத்துக்கெல்லாம் ஆகாது. அணு அளவுல நடக்கறது பெருசாகி நம்மளையும் இழுத்துட்டுப் போனாத்தான். இது ஒரு விளக்கம், அவ்வளவுதான். யாரும் நிரூபிக்கல."

அவன் சட்டைப் பையிலிருந்து சுவிட்சை எடுத்து நீட்டினான். "இது வெட்டறதா வேண்டாமான்னு முடிவு பண்றதும் உள்ள இருக்கற அணுதானே?"

டீச்சரம்மா கருகின இடத்தைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். சொல்லியிருக்க வேண்டாமே என்று முகத்தில் எழுதியிருந்தது.

முதலில் விளையாட்டாகத்தான் பேசினான். "மச்சான், ஒரு உலகத்துலயாவது உங்க தங்கச்சி என்னை வேண்டாம்னு சொல்லியிருப்பாளா?"

"சொல்லியிருந்தா அங்கயாவது தப்பிச்சா."

பிறகு பேச்சு வேறு திசையில் போனது. "செத்த உலகத்துல நான் இல்ல. இல்லாதவனுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியறது எல்லாம் நான் பொழைச்ச உலகம்தான். அப்ப நான் சாகவே மாட்டேன் மச்சான்."

"உளறாம ஸ்பேனரை எடு மாப்ள."

அடுத்த வேலையில் நான் "சிவப்பு?" என்றேன். "சிவப்பு" என்றான். கம்பிவடம் இறங்குகிற ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன். பொத்தான் அமுங்கவில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று, மேலே என்னைப் பார்த்துச் சிரித்தான். தெரிந்தே செய்திருக்கிறான். மெயினை அணைத்துவிட்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

நான் சொன்னதை அவள் அழாமல் கேட்டாள். சாயங்காலம் அவன் வந்தான், தலையைத் தட்டிக்கொள்ள நிற்காமல் உள்ளே போனான். சாப்பாட்டு மேசையில் அந்தக் கருகின சுவிட்சோடு ஒரு பல்பை இணைத்து வைத்திருந்தான். தினமும் இதே வேலையாம்.

தட்டினான். பல்பு ஒரு நொடி அணைந்தது. "வெட்டிடுச்சு. இது நான் இருக்கற உலகம்."

தட்டினான். பல்பு அணையவில்லை. அவன் மறுபடி கையைக் கொண்டுபோனான். என் தங்கை அந்தக் கையைப் பிடித்தாள்.

"இருங்க. இப்ப எரியுதுல்ல. இந்த உலகத்துல நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்?"

அவன் பல்பையே பார்த்தான்.

"நீங்க பொழைச்சுப் பொழைச்சு அடுத்த உலகத்துக்குப் போயிடுவீங்க. விட்டுட்டுப் போற ஒவ்வொரு இடத்துலயும் உங்களை வாரி எடுக்கறது யாரு? நான்தானே? அதுவும் நிஜம்னுதானே அந்தம்மா சொன்னாங்க? இன்னும் எத்தனை என்னை அங்க உட்கார வைக்கப் போறீங்க?"

பல்பு எரிந்துகொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை. அவன், "அங்க உட்கார்ந்திருக்கறவளுக்கு நான் செத்ததை யாரு சொல்லியிருப்பாங்க?" என்றான்.

"அண்ணன்தான். வேற யாரு."

அந்த வாசலில் நான் எப்படி நின்றிருப்பேன், எதிலிருந்து ஆரம்பித்திருப்பேன் என்று எல்லாம் தெரிகிற மாதிரி இருந்தது.

மறுநாள் மோட்டார் அறையில் நின்று "சிவப்பு?" என்றேன். பதில் இல்லை. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு 'டக்' என்று பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் குரல் வந்தது. "சிவப்பு, மச்சான்."

இப்போதெல்லாம் அப்படித்தான். முதலில் கை, பிறகு வாய். ஒரு நாளும் தவறியதில்லை. தங்கையும் பழையபடி தலையைத் தட்டி உள்ளே விடுகிறாள். ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன் தெருவை ஒரு தடவை பார்க்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அவர் உள்ள வந்தப்புறமும் இந்த வாசல்ல யாரோ காத்துட்டு இருக்கற மாதிரி இருக்கு அண்ணா. திருடன்னா பயப்படலாம். இது நான்தான், அவர் வராத உலகத்து நான்."

நானும் அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. நான் கேட்பதற்கும் அவன் பதிலுக்கும் நடுவில் குழி சும்மா இருப்பதில்லை. என் குரலே அடிவரைக்கும் போய் முட்டி, கொஞ்சம் தாமதித்து மேலே வருகிறது. "சிவப்பு?" எதிரொலிதான், தெரியும். பதில் வராத இன்னொரு நான் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஒட்டடை பதில் சொன்ன பிறகும் சில நாள் அது ஒருமுறை கேட்கும்.