நாள் இல்லாத தேதி

எங்கள் டிப்போவில் பஸ் கழுவுகிறவர்களில் அவளுக்கு மட்டும் பட்டப்பெயர் உண்டு: சண்டைக்கோழி. வைத்தவன் நான்தான், தகுதி பார்த்துத்தான் வைத்தேன். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியில் வளர்ந்தவள். கைக்குழந்தையாக அங்கே வந்து சேர்ந்தபோது பிறந்த வருடமும் மாதமும்தான் தெரிந்தன. பிப்ரவரி. நாள் யாருக்கும் தெரியவில்லை. இப்படி வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒன்றாம் தேதி என்று எழுதிவிடுவது விடுதி வழக்கம். இவள் விவரம் தெரிந்ததும் சண்டை போட்டு அந்த ஒன்றை அடித்து நீக்க வைத்தாள்.

டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அந்த வருடப் பிப்ரவரி முடிவதற்குள் இருபத்துநாலு வயது நிரம்பியிருக்க வேண்டும். இவளுக்கு நிரம்பிவிட்டது. ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்ததே விண்ணப்பிக்கக் கடைசி நாளான ஏப்ரல் முப்பதாம் தேதிதான். நானும் கூட ஓடினேன்.

எழுத்தர் மாதத்தையும் வருடத்தையும் கம்ப்யூட்டரில் தட்டினார். பிறந்தது மார்ச் இரண்டு, வயது போதாது என்றது திரை.

"நான் எப்ப சார் மார்ச்சுல பொறந்தேன்?"

புரோகிராம் எழுதியவரைக் கூப்பிட்டார்கள். "நாளைக் காலியா விட்டா இது சும்மா இருக்காதுங்க. இன்னைக்கு என்ன தேதியோ அதை எடுத்துப் போட்டுக்கும். இன்னைக்கு முப்பது. பிப்ரவரியில முப்பது ஏது? அதான் மார்ச்சுக்குத் தள்ளிடுச்சு." சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணாம் தேதின்னு போட்டுடறேம்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் எழுத்தர்.

"எனக்குத் தெரியும் சார். பெத்தவங்களே சொல்லாத தேதியை இந்தப் பெட்டி எப்படிச் சொல்லும்? தெரியலைன்னா தெரியலைன்னு போடுங்க. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்," என்று கவுன்டர் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேலை போயிடும், பேசாம இரு," என்று காதோரம் கெஞ்சினேன்.

"போகட்டும்ணே. பொய்த் தேதியை வச்சுக்கிட்டு வண்டி ஓட்ட மாட்டேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் அசையவில்லை. ஆபீஸ் மூடும் நேரம் நெருங்க, வேறு வழியில்லாமல் புரோகிராம்காரர் உட்கார்ந்து திருத்தினார். நாள் இல்லாவிட்டால் மாதத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று மாற்றினார். திரையில் நாளுக்கான கட்டம் காலியாகவே இருந்தது. கீழே 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. எனக்குத்தான் கண் கலங்கியது. அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

இப்போது அவள் ஓட்டும் பஸ்ஸை நான் கழுவுகிறேன். போன வாரம் புதிதாக வந்த கண்டக்டர் அவள் அடையாள அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்க பொறந்தநாள் என்னைக்குக்கா?" என்று கேட்டார்.

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னாள்: "பிப்ரவரி முழுக்க."